இலத்திரனியல் செயற்றிட்டம்: புள்ளி எங்கே இருக்கிறது?

சாதாரண தரத்தில் மின், இலத்திரனியல் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்கும், உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவுக்குப் போகிறவர்களுக்கும் செயற்றிட்டம் என்றதும் ஒரு பதற்றம் வந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு அது இன்னும் கூட. "பெரிசா ஏதாவது செய்யவேணும், போன வருஷம் ஒருத்தன் ரோபோ செய்தவன்" என்று பேச்சுத் தொடங்கும். கடைசியில் யாரோ கட்டி விற்கும் பெட்டி ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவதில் முடிந்துவிடும். மதிப்பிடுபவர் எதைத் தேடுகிறார் என்று முதலிலேயே விளங்கியிருந்தால் அந்தக் காசும் மிஞ்சும், பிள்ளைக்குப் புள்ளியும் கூடும்.

மதிப்பிடுபவர் தேடுவது பிள்ளை யோசித்த தடத்தை. ஒரு தேவையைக் கண்டது, தீர்வு எப்படி இருக்கவேண்டும் என்று வரையறுத்தது, சுற்றைத் தெரிவு செய்தது, கணக்குப் போட்டது, கட்டியது, அளந்து சோதித்தது, பிழைத்த இடத்தைத் திருத்தியது, கடைசியில் தன் வேலையைத் தானே எடைபோட்டது. இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் புள்ளி உண்டு. மேசையில் எரிகிற விளக்கு அவற்றில் ஒரு படிக்குத்தான் சாட்சி. இங்கிலாந்தில் எடுகாஸ் பரீட்சைச் சபையின் ஜி.சி.எஸ்.ஈ. இலத்திரனியல் பாடத்தில் மொத்தப் புள்ளியில் 20 சதவீதம் இப்படியான ஒரு செயற்றிட்டத்துக்குப் போகிறது. நமது பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் பங்கீடு வேறு. உங்கள் பாடத்தில் எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்பதை வேலை தொடங்கும் முன்னரே ரீச்சரிடம் கேட்டு, கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வையுங்கள். பங்கீடு இடத்துக்கு இடம் மாறினாலும் படிகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

தேவை முதல், சுற்று பிறகு

பல பிள்ளைகள் முதற் படியைத் தலைகீழாகச் செய்கிறார்கள். யூடியூபில் ஒரு சுற்றைப் பார்க்கிறார்கள், அதையே கட்டுவது என்று முடிவெடுக்கிறார்கள், அதன் பிறகு அதற்கு ஒரு தேவையைத் தேடுகிறார்கள். "இன்றைய நவீன உலகில் பாதுகாப்பு மிக முக்கியமானது" என்று முன்னுரை தொடங்கும்போதே வாசிக்கிறவருக்கு அது விளங்கிவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடாநாடு இருந்த நிலையை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. செய்தியோ கட்டாயம் கேட்கவேண்டும். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்னில் வானொலி கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலி கேட்பது நேரோட்டம். நடுவில் இருவாயிகளை (டயோட்) போட்டு ஓட்டத்தை ஒரு திசைக்குக் கொண்டுவந்து, பெரிய கொள்ளளவி (கப்பாசிற்றர்) ஒன்றால் ஏற்ற இறக்கத்தைத் தணித்தால் வானொலி பாடும். தேவை என்ன, எதெல்லாம் கிடைக்காது, கையில் இருப்பது எது என்ற மூன்றும் தெளிவாக இருந்ததால் அந்தச் சுற்று பிறந்தது. உங்கள் முன்னுரையிலும் இந்த மூன்றும் இருக்கவேண்டும்.

இப்போதைய வீடுகளில் ஒரு தேவையைச் சொல்கிறேன். கிணற்றுத் தண்ணீரை மோட்டரால் மேல்தாங்கிக்கு ஏற்றுகிறோம். தாங்கி நிரம்பியது கீழே நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீர் வழிந்து முற்றத்தில் விழும் சத்தம் கேட்டால்தான் சுவிச்சை அணைக்க ஓடுவார்கள். வீணாவது மின்சாரம் மட்டுமல்ல. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைநீர். அந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறும். ஆகவே தாங்கி நிரம்பியதும் சத்தமிடும் சின்னச் சுற்று ஒன்றுக்கு இங்கே உண்மையான காரணம் இருக்கிறது. இனி இந்த ஒரு சுற்றை வைத்தே மற்றப் படிகளையும் பார்ப்போம்.

உங்களுக்கு வேறொன்று பிடித்திருக்கலாம். வெங்காயத் தறையில் மண் காய்ந்ததைச் சொல்லும் கருவி, பொழுதுபட்டதும் தானாக எரியும் படலை விளக்கு, கோழிக்குஞ்சுப் பெட்டியின் சூட்டைக் காட்டும் மானி, எதுவும் சரி. தேவைப்படுகிறவர் ஒருவரிடம் போய்ப் பேசி, அவர் சொன்னதை இரண்டு வரியில் எழுதிக்கொண்டால் அந்தப் பக்கத்துக்கு வரும் பலம் வேறு எதனாலும் வராது.

வரையறையை எண்ணில் எழுதுங்கள்

"நன்றாகச் சத்தம் வரவேண்டும், பற்றரி நீண்ட நாள் தாங்கவேண்டும்" என்று எழுதினால் அது ஆசை. சோதித்துப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதாக எழுதினால்தான் வரையறை. தாங்கியின் விளிம்பிலிருந்து 5 சென்ரிமீற்றர் கீழே தண்ணீர் வந்ததும் ஒலிக்கவேண்டும். 10 மீற்றர் தள்ளி, குசினிக்குள் நிற்பவருக்குக் கேட்கவேண்டும். 9 வோல்ற்றுப் பற்றரி ஒன்றில் இயங்கவேண்டும். தண்ணீர் தொடாத நேரத்தில் பற்றரியிலிருந்து ஓட்டம் ஏறக்குறைய பூச்சியமாக இருக்கவேண்டும். தண்ணீரில் தொங்கும் முனைகள் ஒரு மாதத்துக்கு அரிக்கப்படாமல் இருக்கவேண்டும். இப்படி ஐந்து போதும். பதினைந்து எழுதினால் பதினைந்தையும் சோதிக்கவேண்டி வரும்.

வரையறையில் பாதுகாப்புக்கும் ஓர் இடம் கொடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்: பாடசாலைச் செயற்றிட்டம் 230 வோல்ற்று வீட்டு மின்னைத் தொடக்கூடாது. "மோட்டரைத் தானாக நிறுத்தினால் இன்னும் திறமாய் இருக்குமே, ஒரு ரிலே போட்டால் சரிதானே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். யோசனை நல்லது. அதைக் காட்டவேண்டுமென்றால் மோட்டரின் இடத்தில் 12 வோல்ற்று மின்குமிழ் ஒன்றை வைத்துக் காட்டுங்கள். தர்க்கம் அதே தர்க்கம், புள்ளியும் குறையாது. ஈரமான இடத்தில், திறந்த பலகையில், முதன்முதலாக ஈயம் பிடித்த கையால் 230 வோல்ற்றுக்கு இணைப்புக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. பழைய சாமான்களைக் கழற்றுவதிலும் கவனம் தேவை. பற்றரியில் ஓடிய பழைய வானொலி நல்ல சுரங்கம். வீட்டு மின்னில் வேலை செய்த தொலைக்காட்சியையும் பவர் சப்ளையையும் விட்டுவிடுங்கள். அவற்றிலுள்ள பெரிய கொள்ளளவிகள் வயரைக் கழற்றிய பிறகும் மின்னைப் பிடித்து வைத்திருக்கும்.

பெட்டிப் படம், பிறகு கணக்கு

எந்தச் சுற்றையும் முதலில் மூன்று பெட்டிகளாக வரையுங்கள்: உள்ளீடு, நடுவில் தீர்மானிக்கும் பகுதி, வெளியீடு. நமது உதாரணத்தில் உள்ளீடு தண்ணீரில் தொங்கும் இரண்டு உலோக முனைகள். தீர்மானிப்பது ஒரு திரான்சிஸ்டர். வெளியீடு ஒரு பஸர். ஒவ்வொரு பெட்டிக்கும் குறைந்தது இரண்டு தெரிவுகளை எழுதி, ஏன் ஒன்றை எடுத்தீர்கள் என்று ஒரு வரி சொல்லுங்கள். உதாரணமாக, உள்ளீட்டுக்கு மிதவைச் சுவிச்சும் போடலாம். அதற்கு அசையும் பாகம் உண்டு, விலையும் கூட. முனைகள் மலிவு, ஆனால் அரிக்கும். இந்த ஒப்பீடுதான் வடிவமைப்புப் புள்ளியைக் கொண்டுவருகிறது.

கணக்கைப் பார்த்துப் பயப்படவேண்டாம், ஓமின் விதி தெரிந்தால் போதும். பற்றரியின் நேர் முனையிலிருந்து 10 கிலோஓம் தடையி ஒன்று, அதன் பின் தண்ணீர், பிறகு திரான்சிஸ்டரின் மூன்று கால்களில் அடி (பேஸ்). காலி (எமிற்றர்) என்ற கால், பற்றரியின் மறை முனைக்குப் போகிறது. பஸர், நேர் முனைக்கும் மூன்றாவது காலான சேகரிப்பானுக்கும் (கலெக்ரர்) நடுவில். இரண்டு முனைகளுக்கு இடையே தண்ணீரின் தடை 50 கிலோஓம் என்று வைத்துக்கொள்வோம். அடிக்கும் காலிக்கும் இடையே ஏறத்தாழ 0.7 வோல்ற்று விழும். மிச்சம் 8.3 வோல்ற்று, மொத்தத் தடை 60 கிலோஓம். அடி ஓட்டம் ஏறத்தாழ 0.14 மில்லிஅம்பியர். திரான்சிஸ்டர் அதைக் குறைந்தது 100 மடங்காக்கும் என்று எடுத்தால் பஸருக்கு 14 மில்லிஅம்பியர் கிடைக்கும். சின்னப் பஸருக்கு அது போதும். தண்ணீரின் தடை 200 கிலோஓமாக இருந்தாலோ, அதே கணக்கில் பஸருக்கு 4 மில்லிஅம்பியர்தான் வரும். முனகும், அல்லது பேசாமல் இருக்கும்.

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. தண்ணீரின் தடை எங்கும் ஒன்றல்ல. உப்புக் கூடினால் தடை குறையும். கடலுக்கு அண்மையிலுள்ள உவர்க் கிணற்றுத் தண்ணீரில் ஒற்றைத் திரான்சிஸ்டரே கூவும் சுற்று, மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் ஊமையாகலாம். ஆகவே முதலில் அளந்து பாருங்கள்: உங்கள் வீட்டுக் கிணறு, உறவினர் வீட்டுக் கிணறு, மழைநீர், கடையில் வாங்கிய போத்தல் தண்ணீர். முனைகளின் இடைவெளியும் தண்ணீருக்குள் அமிழும் ஆழமும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். பல்மானியில் (மல்ரிமீற்றர்) எண் ஒரு இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டிருக்கும், ஏனென்றால் மானியின் ஓட்டமே முனைகளின் மேற்பரப்பில் மாற்றத்தை உண்டாக்குகிறது. எனவே ஒவ்வொரு முறையும் தொட்டு ஐந்து விநாடி கழித்து வாசிப்பது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் தடை கூடுதலாக வந்தால் இரண்டு திரான்சிஸ்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் டார்லிங்டன் இணைப்புக்கு மாறலாம். அப்போது நயம், அதாவது ஓட்டம் பெருகும் அளவு, பல ஆயிரம் மடங்காகும். "டார்லிங்டன் பயன்படுத்தினேன்" என்று எழுதுகிறவரைவிட, "நான்கு தண்ணீரை அளந்தேன், மழைநீரில் ஒற்றைத் திரான்சிஸ்டர் போதவில்லை, அதனால் டார்லிங்டனுக்கு மாறினேன்" என்று எழுதுகிறவர் வெகுதூரம் முன்னே நிற்கிறார்.

நிரல் ஏற்றி இயக்கும் ஆர்டுவினோப் பலகை போடலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகப் போடலாம், தேவை அதைக் கேட்டால். ஒரு பஸரை ஒலிக்கச் செய்ய மட்டும் நுண்கட்டுப்படுத்தி ஒன்றை வைத்து, நிரலை இணையத்திலிருந்து அப்படியே இறக்கி ஏற்றினால் அதில் உங்கள் வேலை எது என்று தேடவேண்டியிருக்கும். தாங்கியின் மட்டத்தை நாலு படியாகக் காட்டவேண்டும், மோட்டர் எவ்வளவு நேரம் ஓடியது என்று பதியவேண்டும் என்றால் அங்கே அதற்கு நியாயம் உண்டு.

கட்டுதல்

நேரே பலகையில் ஈயம் பிடிக்கவேண்டாம். முதலில், ஈயமில்லாமல் உறுப்புகளைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் கட்டி, வேலை செய்வதைக் கண்டு, படம் எடுத்து, அதன் பிறகே நிரந்தரப் பலகைக்குப் போங்கள். கணினி வசதி இருந்தால் டிங்கர்காட் போன்ற இலவச இணையத்தளத்தில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கலாம். தண்ணீரின் இடத்தில் மாறும் தடையி ஒன்றைப் போட்டால் சரி.

திரான்சிஸ்டர் வாங்கும்போது ஒரு விஷயம். கடையில் கேட்ட இலக்கம் இல்லாவிட்டால் "இதுவும் அதுதான்" என்று இன்னொன்றைத் தருவார்கள். பிசி547 இல்லையென்று சி828 தரலாம். இரண்டும் என்பிஎன் வகைதான், இந்தச் சுற்றுக்கு இரண்டும் பொருந்தும். ஆனால் கால்களின் வரிசை ஒன்றல்ல. படத்தில் உள்ளபடி அப்படியே செருகினால் சுற்று இயங்காது, பிள்ளை பஸரையும் பற்றரியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்துவிடும். வாங்கிய உறுப்பின் தரவுத்தாளைப் பார்த்துக் கால்களைக் குறித்துக்கொண்டு, அந்தத் தாளின் பகுதியை அறிக்கையிலும் ஒட்டுங்கள்.

ஈயம் பிடிக்கும்போது கண்ணாடி போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் சாப்பிட முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சாதாரண 60/40 ஈயக் கம்பியில் உண்மையிலேயே ஈயம் இருக்கிறது.

முனைகளுக்குச் செப்புக் கம்பி போட்டால் அரிப்பு வேகமாக வரும். நேரோட்டம் தண்ணீருக்குள்ளால் போகும்போது நேர் முனையிலுள்ள செப்பு கரையும். துருப்பிடிக்காத உருக்கு ஆணிகள் இதற்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அதோடு நமது தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கேத்தலில் படியும் அதே வெள்ளைப் படிவு முனைகளிலும் படிந்து தடையைக் கூட்டும். மாதத்துக்கு ஒருமுறை தேசிக்காய்ப் புளியில் துடைக்கவேண்டும் என்று பாவனைக் குறிப்பு ஒன்று எழுதலாம். இணையத்தில் எடுத்த சுற்றுக்கு இப்படியொரு குறிப்பு வராது.

கொப்பியும் அட்டவணையும்

அதிகப் புள்ளி பறிபோகும் இடம் இதுதான். சுற்று வேலை செய்தது, ஆனால் எப்படி வேலை செய்ய வைத்தோம் என்பதற்கு எழுத்தில் ஒன்றுமில்லை. கடைசி இரவில் உட்கார்ந்து ஒரே பேனையால், ஒரே அழகில் எழுதப்பட்ட நாட்குறிப்பு யாரையும் நம்பவைக்காது. தொடங்கிய நாளிலிருந்து ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வாருங்கள். வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை. தாளைக் கிழிக்கவேண்டாம்.

பிழைத்த நாள்களை நாலு வரியில் எழுதலாம். என்ன நடந்தது, எதைச் சந்தேகித்தேன், எதை அளந்தேன், எதை மாற்றினேன். உதாரணமாக இப்படி: "தண்ணீர் தொட்டும் பஸர் ஒலிக்கவில்லை. பற்றரி போய்விட்டதோ என்று அளந்தேன், 8.9 வோல்ற்று. அடிக்கும் காலிக்கும் இடையே 0.2 வோல்ற்றுத்தான் இருந்தது. ஆகவே அடிக்கு ஓட்டம் போகவில்லை. முனைக்குப் போகும் வயரின் இணைப்பு விட்டிருந்தது. மீண்டும் ஈயம் பிடித்ததும் 0.68 வோல்ற்று வந்தது, பஸர் ஒலித்தது." இதில் ஊகம், அளவீடு, முடிவு மூன்றும் இருக்கின்றன. தடையியையும் திரான்சிஸ்டரையும் பற்றரியையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று ஒருநாளும் தெரியாது. ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றுங்கள்.

சோதனை அட்டவணையில், அளக்கும் முன்னரே எதிர்பார்க்கும் எண்ணை எழுதி வையுங்கள். பஸர் ஒலிக்கும்போது சேகரிப்பானுக்கும் காலிக்கும் இடையே ஒரு வோல்ற்றிலும் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். திரான்சிஸ்டர் முழுதாகத் திறந்திருந்தால் 0.2 வோல்ற்றளவில் வரும். 3 வோல்ற்று வந்தால் அது பாதிதான் திறந்திருக்கிறது, அடி ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். எதிர்பார்த்த எண்ணும் வந்த எண்ணும் விலகும் இடத்தில் இரண்டு வரி விளக்கம் எழுதினால், அந்த அட்டவணை முழு அறிக்கையையும் தாங்கும். வரையறையில் எழுதிய ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். குசினிக்குள் கேட்குமா என்பதற்கு அம்மாவை அங்கே நிற்கச் சொல்லி, மோட்டர் ஓடும்போதும் ஓடாதபோதும் கேட்கிறதா என்று குறிப்பதே முறையான சோதனைதான்.

கடைசி மதிப்பீட்டை எழுதும்போது ஐந்தில் மூன்று நிறைவேறியது, இரண்டு நிறைவேறவில்லை என்று எழுதத் தயங்கவேண்டாம். "எனது கருவி எல்லா வகையிலும் சிறப்பாக இயங்குகிறது" என்ற வரிக்கு எவரும் புள்ளி போடுவதில்லை. "மோட்டர் ஓடும்போது 10 மீற்றரில் கேட்கவில்லை, 6 மீற்றரில் கேட்டது. அடுத்த முறை பஸரைத் தாங்கியில் வைக்காமல் நீண்ட வயரில் குசினிச் சுவரில் பொருத்துவேன்" என்ற வரிக்குப் போடுவார்கள்.

யார் உதவலாம்

ரீச்சரிடம், அண்ணாவிடம், ரியூட்டரி மாஸ்டரிடம் கேட்பது பிழையில்லை. சுற்றைப் புத்தகத்திலிருந்தோ இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமிருந்தோ எடுப்பதும் பிழையில்லை. எங்கே எடுத்தீர்கள், அதில் எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று எழுதிவிடுங்கள். குழுவாகச் செய்தால் யார் எந்தப் பகுதியைச் செய்தார் என்பதும் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வாங்கிக் கொடுத்த பெட்டியை வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் "இந்தத் தடையி ஏன் 10 கிலோஓம்? 1 கிலோஓம் போட்டால் என்ன நடக்கும்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அது தலையைக் குனிந்துவிடும். அந்த நிலைக்குப் பிள்ளையைத் தள்ளாதீர்கள். மூன்று உறுப்புகளோடு, கோணலான ஈயத்தோடு, ஐஸ்கிறீம் பெட்டிக்குள் இருக்கும் சுற்று தன்னுடையது என்றால் அதே பிள்ளை நிமிர்ந்து பதில் சொல்லும். நீங்கள் செய்யக்கூடிய நல்ல உதவி, ஒரு மலிவான பல்மானி வாங்கிக் கொடுப்பதும், முதற் சில நாள்கள் சுற்று இயங்காதபோது பொறுமையாக இருப்பதும்தான்.

செய்து காட்டும் நாளுக்கு முதல்நாள் பற்றரியை அளந்து பாருங்கள், புதியது ஒன்றையும் பையில் போடுங்கள். ஒரு தெளிந்த போத்தலில் உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே கொண்டு போங்கள், பாடசாலைத் தண்ணீரின் தடை வேறாக இருக்கலாம். கொப்பி, சுற்றுப் படம், தரவுத்தாள் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சுற்று அங்கே இயங்க மறுத்தால் பல்மானியை எடுத்து, பற்றரியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு புள்ளியாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அளவுங்கள். குறையைத் தேடிக் கண்டுபிடிக்கும் திறனையும் மதிப்பிடுபவர் அப்போது நேரே பார்க்கிறார்.